தும்மலுக்கு முன்

குவோபியோவில் மே மாதம்.
இரவு பதினொன்றாகியும் வெளிச்சம் போகவில்லை.
எனக்குத் தூக்கம் வரவில்லை.

மல்லாந்துதான் படுக்க வேண்டுமாம்.
அறுபத்தாறு வருஷம்
இடப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கியவன்
இப்போது பெட்டியில் அடுக்கிய பண்டம் மாதிரி
கூரையைப் பார்த்துக் கிடக்கிறேன்.
பைன் பலகைகளில் ஐம்பத்திரண்டு கணுக்கள்.
நேற்று ஐம்பத்தொன்று எண்ணினேன்.

நெஞ்சைப் பிளந்தா காட்ட முடியும் என்பார்கள்.
எனக்குப் பிளந்தார்கள்.
பார்க்கத்தான் ஆளில்லை.
நான் மயக்கத்தில்.
ராய்லி வெளியே
காசை விழுங்கிய காப்பி எந்திரத்தோடு சண்டையில்.
பிறகு ஆறு கம்பி கோத்து, முறுக்கி,
மூடிவிட்டார்கள்.
மரலாரி ஓட்டியவன் நான், முறுக்கு தெரியும்.
சங்கிலியை இறுக்கியதும்
கட்டையை ஒரு உதை உதைத்துப் பார்ப்போம்
அசைகிறதா என்று.
இதை யார் உதைத்துப் பார்த்தார்கள்?

வலி என்று சொல்லமாட்டேன்.
வலிக்கு மாத்திரை இருக்கிறது.
இது வேறு.
சட்டைப் பொத்தான் உரசினால்
தழும்பு விழித்துக்கொள்கிறது.
அதற்கு இரண்டங்குலம் தள்ளித் தொட்டால்
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது போல,
யாரும் திறப்பதில்லை.
காலில் ரத்தக்குழாய் உருவிய இடம்
சரியாக மூன்று மணிக்கு அரிக்கும்.
குனிந்து சொறிய நெஞ்சு விடாது.
காப்பி துருப்பிடித்த ஆணியாக ருசிக்கிறது.
எழுந்திருக்கக் கையூன்றக் கூடாது;
கவிழ்ந்த ஆமை போல ஆடி ஆடி
ஆறாவது ஆட்டத்தில்தான் கால் தரைக்கு வரும்.

இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.
பூனை நாலரைக் கிலோ.
பதினோரு வருஷம் என் மார்பில் தூங்கிய பிராணி
கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து
கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்க்கிறது.

சனிக்கிழமை சவுனாவுக்கு
ராய்லி மட்டும் போனாள்.
புகைபோக்கியை ஜன்னலில் பார்த்தபடி இருந்தேன்.
சிவந்த முகத்தோடு, பிர்ச் இலை மணத்தோடு வந்தாள்.
வெந்நீரில் பிழிந்த துண்டால்
என் முதுகைத் துடைத்தாள்.
"எப்படி இருந்தது?"
"சூடு போதவில்லை" என்றாள்.
பொய். காது மடல்கூடப் பழுத்திருந்தது.

ஆர்மாஸ் வந்து, தன் கழிப்பறைக் கொட்டகையில்
கடமான் மாட்டிக்கொண்ட கதையைத் தொடங்கினான்.
சிரிக்க வைக்காதே, பிரிந்துவிடும் என்று கெஞ்சினேன்.
நாற்பது வருஷப் பழக்கத்தில் முதல் முறையாக
வாயை மூடிக்கொண்டு ஏரியைப் பார்த்தான்.
அந்த முகத்தைப் பார்த்துத்தான்
எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
அன்றிரவு இரண்டு மாத்திரை கூட.

ஆனால் நான் பயப்படுவது
சிரிப்புக்கோ இருமலுக்கோ இல்லை.
ஜன்னல் விளிம்பில் மஞ்சள் தூள் படிந்திருக்கிறது.
பிர்ச் பூத்துவிட்டது.
வருஷா வருஷம் இந்த ஒரு வாரம்
என் மூக்கு ஊரைக் கூட்டும்.
தும்மல் வந்தால்
தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள் என்று
செவிலி செய்து காட்டியிருந்தாள்.
காதலனை வழியனுப்புகிறவள் மாதிரி இருந்தது.

இன்று காலை, சமையலறை.
தலையணை படுக்கையில்.
மூக்கின் வேரில் ஓர் எறும்பு
நடந்தது, நின்றது, யோசித்தது.
நான் மேஜையைப் பிடித்தேன்.
பெயர் சொல்லிக் கூப்பிடவும் மூச்சில்லை.
கையிலிருந்த உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு
ராய்லி இரண்டே எட்டில் வந்து
ஈரக் கைகள் இரண்டையும்
என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்,
வீட்டுக்குள் புயல் வராமல்
கதவைப் பிடிக்கிறவளாக.

வந்தது.

கண்ணில் வெள்ளை.
உள்ளே எங்கோ ஒரு 'டிக்'.
இருவரும் அசையாமல் கேட்டோம்.
கிழங்கு உருண்டு அடுப்படியில் போய் நின்றது.
பூனை ஓடிவிட்டது.
"உடைந்ததா?"
"இல்லைபோல."
அவள் கைகள் தளர்ந்தன.

"எடுக்காதே" என்றேன்.
"எனக்கு எப்போதும் மூன்று."